ராமநாதபுரம் கரையிலிருந்து வெளிநாட்டு டீமோடு வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உச்சிப்புளி, கீழக்கரை, மண்டபம் என்று வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு டீமுக்கு சாஃப்ட்வேர் எழுதும் பிள்ளைகள் இப்போது நிறைய. மூத்தவர்கள் பட்டுத் தெளிந்த அதே தவறுகளைப் புதிதாகச் சேர்கிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். மைக்கை அணைக்க மறப்பது, பின்னால் குக்கர் விசில் அடிப்பது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். சரியாகாதவற்றைப் பார்ப்போம்.

"முழுசா முடிச்சுட்டு ஏத்துறேன்"

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இதுதான். ஐப்பசி மழை, செவ்வாய்க்கிழமை மாலை 6.15. கரண்ட் போகிறது. கூடவே தெருவின் ஃபைபர் இணைப்பும் போகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் மொபைலுக்குத் தாவுவதால் அந்த சிக்னலும் திணறுகிறது. இரண்டு நாள் வேலை லேப்டாப்புக்குள்ளேயே கிடக்கிறது. அரைகுறையாகக் காட்ட வெட்கப்பட்டு, டீம் பார்க்கும் பொது இடத்தில் அதை ஏற்றவில்லை. சாட்டில் இருப்பது ஒரே வரி: "கிட்டத்தட்ட முடிஞ்சது, லாகினில் சின்ன பிரச்சினை."

நியூயார்க்கில் அப்போது காலை 8.45. ஒன்பது மணிக்கு வந்து உட்காருகிறவர் "என்ன பிரச்சினை?" என்று கேட்கிறார். பதில் இல்லை. அவருடைய மாலை 5 மணி நமக்கு நள்ளிரவு தாண்டி 2.30. புதன் காலை 9 மணிக்கு நாம் பதில் போடும்போது அங்கே செவ்வாய் இரவு 11.30. அவர் அதைப் படிப்பது நமக்குப் புதன் மாலை 6.30-க்கு. ஒரு கேள்விக்கு ஒரு நாள் முழுதாகப் போய்விட்டது. அவர் இன்னொரு கேள்வி கேட்டால் வியாழனும் போச்சு. இதில் கரண்டின் பங்கு கொஞ்சம்தான். இந்தக் கரையில் மழைக்காலத்தில் கரண்ட் போகும் என்பது யாருக்குத் தெரியாது?

செய்ய வேண்டியது: தினமும் மாலை 5.30-க்குள், ஓடாத கோட் ஆனாலும் தனி பிராஞ்சில் (மெயின் கோடைத் தொடாத தனிக் கிளையில்) ஏற்றி, டிராஃப்ட் புல் ரெக்வஸ்ட்டாக, அதாவது இன்னும் சேர்க்க வேண்டாம், பார்க்க மட்டும் என்ற குறிப்போடு திறந்துவிடுங்கள். தலைப்பிலேயே "முடியவில்லை" என்று போடுங்கள். கீழே ஐந்து விஷயம் போதும். எது ஓடுகிறது, எது ஓடவில்லை, எர்ரர் செய்தி எழுத்து மாறாமல், அதை வரவழைக்க எந்த கமாண்டைக் கொடுக்க வேண்டும், எதில் முடிவு வேண்டும். கடைசியில் உங்கள் விருப்பத்தையும் சேருங்கள்: "பதில் வராவிட்டால் நாளை காலை இரண்டாவது வழியில் போகிறேன்." எதிர்முனையில் இருப்பவர் ஒரு "ஓகே" போட்டால் வேலை நகரும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் பகல் முழுக்க இருக்கும். முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது. அதைப் படித்த அன்றே டீமுக்குச் சொல்லாமல், மறுநாள் போய் "கரண்ட் இல்லை" என்றால் நியாயமா?

"இன்வெர்ட்டர் இருக்கே"

ஃபேன் ஓடும். ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இல்லையென்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குங்கள். 8,800 எம்ஏஎச் என்று அதன் அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் பேட்டரி செல்லின் 3.7 வோல்ட் கணக்கு, 12 வோல்ட் கணக்கு அல்ல. அதாவது சுமார் 32 வாட்-மணி. ஓஎன்டி 10 வாட் இழுத்தால், இழப்பு போக இரண்டரை மணி நேரம் வரும். தெருவில் இருக்கும் ஆபரேட்டரின் பெட்டியே அணைந்துவிட்டால் இதுவும் உதவாது. அதற்காக ஹாட்ஸ்பாட் சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும்.

கடிகாரத்தை மனக்கணக்கில் போடுவது

நமக்குக் கடிகாரம் மாறாது, அவர்களுக்கு மாறும். 2026-ல் அமெரிக்கா மார்ச் 8-ம் தேதி மாறியது. பிரிட்டன் 29-ம் தேதிதான் மாறியது. அதுவரை நியூயார்க் காலை 9, லண்டன் பகல் 2, நமக்கு இரவு 7.30 என்று ஒன்றாக நடந்த மீட்டிங், நடுவே மூன்று வாரம் லண்டனுக்கு 1 மணி ஆனது; நமக்கு மார்ச் 8-லிருந்தே 6.30. மீட்டிங் எந்த ஊர் நேரப்படி என்று காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அந்த மார்ச்சில் ரமலானும் இருந்தது. நம் கரையில் அப்போது நோன்பு திறப்பது ஏறக்குறைய 6.25-க்கு. கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுக்கும்போது மீட்டிங் மணி அடிக்கும். நியூயார்க்காரருக்கு அது தெரியாது, சொன்னால் அரை மணி தள்ளிவைப்பார். பெருநாள் பிறை பார்த்துத்தான். இரண்டு தேதியையும் லீவாகப் போட்டு வையுங்கள்.

"நாளைக்கு"

யாருடைய நாளைக்கு? தேதி, மணி, ஊர்.

தனுஷ்கோடியிலிருந்து வேலை

அரிச்சல்முனைப் பக்கம் போன் இலங்கை சிக்னலைப் பிடிக்கும். ரோமிங்கை அணையுங்கள்.

கடல் பார்த்த ஜன்னலோரம் லேப்டாப்

உப்புக்காற்று. வேண்டாம்.