சித்திர அமர்வில் செயற்கை நுண்ணறிவு: பிள்ளை திருத்துவதற்கு ஒரு படம்

மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், யுத்தம் பாதித்த பிள்ளைகளோடு களிமண், வர்ணம், கதை என்று கையால் செய்யும் வேலைதான் நடந்தது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் அதை மாற்ற வேண்டாம். கை முதலில், போன் பிறகு.

ஒரு மணி நேர அமர்வுக்கு நாலைந்து பிள்ளைகள் போதும். முதல் 25 நிமிடம் ஏ4 தாளும் பாஸ்டலும் மட்டும். பிறகு "இதில என்ன நடக்குது?" என்று கேட்டு, பிள்ளை சொல்வதை அதன் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சொல்லைக் கொடுத்தால் படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குள் போக வேண்டியவை அந்தச் சொற்கள் மட்டுமே. பிள்ளையின் பெயர், ஊர், பாடசாலை எதுவும் போகக் கூடாது; வரைந்த தாளைப் படமெடுத்தும் ஏற்ற வேண்டாம். போன் உங்கள் கையில் இருக்கட்டும்.

"கல்லடிப் பாலத்துக்குக் கீழ மீன் பாடுது, அப்பா தோணியில இருந்து கேக்கிறார்" என்று ஒரு பிள்ளை சொல்கிறது என்று வைப்போம். வரும் படத்தில் கேரளத்துப் படகுவீடு நிற்கலாம், தங்கமீன் சிரிக்கலாம். அழித்துவிடாதீர்கள். "இது எங்கட தோணி இல்ல" என்று பிள்ளை சொல்லும் அந்தக் கணத்துக்காகத்தான் கருவியையே எடுத்தோம். அந்தப் பாலத்தின் கீழுள்ள மட்டக்களப்பு வாவியை அறிந்தவர் அங்கே பிள்ளைதான். எங்கள் தோணி எப்படியிருக்கும், அப்பா எந்தப் பக்கம் இருப்பார் என்று கேட்டு, படத்தை அச்செடுத்துத் திருத்தக் கொடுங்கள். நிறத்தை மூன்றிலொரு பங்காக மங்கலாக்கினால் பிள்ளையின் கோடு மேலே தெரியும். லேசர் அச்சு அல்லது போட்டோ கொப்பி நல்லது. சாதாரண இங்க்ஜெட் மை நீர்வர்ணம் பட்டால் கரைந்துவிடும். வெட்டிப் பிறிஸ்டல் போர்டில் ஒட்டலாம், கிழிக்கவும் விடுங்கள். அச்சுப்பொறி இல்லையென்றால் அடுத்த அமர்வில் திருத்தலாம்.

மூன்று படங்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு பிள்ளை திருத்துவதை விட்டு "இன்னொண்டு" என்று கேட்கத் தொடங்கும். தன் சித்திரம் மேசையில் கிடக்கும்.

கடல் வந்தால் மிகக் கவனம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கும் நாவலடியிலோ திருக்கோவிலிலோ வீட்டில் அந்த நாள் பேசப்பட்டிருக்கும். "அலை வேண்டாம்" என்று எழுதினால் பல கருவிகள் அலையையே வரைந்துவிடும். "அசையாத காலைக் கடல், கரையில் இழுத்து வைத்த தோணி" என்று வேண்டியதை மட்டும் எழுதுங்கள். வந்த படத்தை நீங்கள் பார்த்த பிறகே காட்டுங்கள்.

சித்திரத்துக்கு என்ன பொருள் என்று கருவியிடம் கேட்கவே வேண்டாம். வானம் கறுப்பாக இருப்பது, பெட்டியில் நீலம் தீர்ந்துபோனதாலும் இருக்கலாம். பிள்ளையிடம் கேளுங்கள்.

பிள்ளை உறைந்துபோனால், மூச்சு வாங்கினால் போனை மூடிவிட்டுக் கையில் களிமண்ணைக் கொடுங்கள், பாதம் தரையில் பதியட்டும். உளவளத்துணையாளர் அருகில் இல்லாத இடத்தில் இந்த அமர்வை நடத்தாதீர்கள். இலங்கையில் தேசிய உளநல உதவி இலக்கம் 1926, சிறுவர் உதவி இலக்கம் 1929. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

முடிந்ததும் உரையாடலைக் கருவியிலிருந்து அழியுங்கள். கையால் வரைந்த தாள் பிள்ளையோடு வீட்டுக்குப் போகட்டும்.