பெரிய கோயிலுக்கு மாணவர்களை அழைத்துச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் கல்விப் பயணங்கள் பெருகிவிட்டன. எது தரமானது என்று தேடும் பள்ளிகள் முதலில் கேட்பது, "ஒரே நாளில் எத்தனை இடங்கள்?" தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றையும் ஒரே பகலில் முடித்தால் பிள்ளைகளின் பொழுது பஸ்ஸிலேயே கழியும். ஒரு கோயிலுக்கு அரை நாள்கூடப் போதாது.

வழிகாட்டியின் பேச்சுத் திறமையைத் தரம் என்று நம்புவது அதைவிடப் பெரிய தவறு. விமானத்தின், அதாவது கருவறை மேல் எழும் கோபுரத்தின், நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றெல்லாம் சொல்லிப் பிள்ளைகளை வாய்பிளக்க வைப்பது எளிது. நிழல் விழத்தான் செய்கிறது. மாலையில் கோயிலைச் சுற்றிவரும் திருச்சுற்றில் நின்றாலே தெரியும். உச்சிக் கட்டுமானம் பல கற்களை இணைத்தது என்று ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். பெரிய நந்தி, சோழர்களுக்குப் பிந்தைய நாயக்கர் காலத்தது; அதையும் ராஜராஜன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். உண்மையே இவ்வளவு பிரமாண்டமாக எதிரில் நிற்கும்போது பொய் எதற்கு என்று எனக்குக் கோபம் வருகிறது. நல்ல வழிகாட்டி, "நிழல் எங்கே விழுகிறது, கண்டுபிடியுங்கள்" என்று பிள்ளைகளை அனுப்பிவைப்பார்.

கல்வெட்டுகளைக் கடந்துபோகும் பயணத்தை ஏற்கவே வேண்டாம். 1010-இல் நிறைவுற்ற இக்கோயிலின் சுவர்களே அதன் பதிவேடு. தான் கொடுத்தவற்றோடு அக்கன் குந்தவை கொடுத்தவற்றையும், தன் பெண்டுகளும் மற்றவர்களும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். கோயில் பணிக்கான ஆடல் மகளிராகிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் அங்கே குடியமர்த்தப்பட்டதும், எந்தத் தெருவில் எந்த வீடு யாருக்கு என்பதும்கூட அதில் இருக்கின்றன. சோழர் கால எழுத்து அட்டவணை ஒன்றைக் கையில் கொடுத்தால் ட, ப போன்றவற்றைப் பிள்ளைகளே அடையாளம் கண்டுவிடுவார்கள். அந்த ஐந்து நிமிடம், ஆண்டுகளை நிரப்பச் சொல்லும் பயிற்சித் தாளைவிட எவ்வளவோ மேல்.

ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவை சில: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர்கள்? வழிபாடு நடக்கும் கோயிலில் எங்கே அமைதி காக்க வேண்டும் என்று முன்பே சொல்லித்தருகிறார்களா? "இது எப்படித் தெரியும்?" என்று மாணவர் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா?

திரும்பும் வழியிலேயே கருத்துப் படிவம் நிரப்பச் சொல்லாதீர்கள். எல்லோரும் "மிக நன்று" என்றுதான் எழுதுவார்கள். இரண்டு வாரம் கழித்து, வகுப்பில், அங்கே பார்த்த ஒன்றைப் பற்றியும் அதற்கான ஆதாரத்தைப் பற்றியும் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே ஏற்பாட்டாளரை அழைக்கலாமா என்பதை அந்தத் தாள்களை வைத்து முடிவு செய்யலாம்.