செப்டம்பரில் லடாக்: வானிலை முன்னறிவிப்பைப் படிப்பது எப்படி?

ஃபோனில் ‘லே’ என்று தட்டினால் 20 டிகிரி, பக்கத்தில் ஒரு சூரியன் படம். ஒரு ஸ்வெட்டர் போதும் போல என்று தோன்றும். அந்த எண் பொய்யில்லை. லே நகரத்தில், மதியத்துக்கு மேல், நிழலில் அவ்வளவுதான் இருக்கும். ஆனால் லடாக் போகிறவர் அந்த நிழலில் எத்தனை மணி நேரம் நிற்கப் போகிறார்? கணவாயிலும் ஏரிக்கரையிலும்தான் பாதிப் பொழுது போகும். அந்த இடங்களுக்கு நாமே கணக்குப் போட வேண்டும். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.

படி 1: உயரத்தை எழுதுங்கள்

போகும் இடங்களின் பெயருக்கு எதிரே உயரத்தைக் குறியுங்கள். லே சுமார் 3,500 மீட்டர். நுப்ரா பள்ளத்தாக்கில் உள்ள திஸ்கித் அதைவிடத் தாழ்வு, 3,100-ஐ ஒட்டி. பாங்காங் ஏரி 4,200-க்கு மேல், த்ஸோ மோரிரி 4,500. லேயிலிருந்து நுப்ரா போகும் வழியில் உள்ள கர்துங் லா 5,359 மீட்டர். அங்கே முன்பு நட்டிருந்த பலகைகளில் 18,380 அடி, அதாவது சுமார் 5,600 மீட்டர் என்று மிகையாகப் போட்டிருந்தார்கள். அந்த எண் கணக்குக்கு வேண்டாம். (‘லா’ என்றாலே கணவாய்தான். ‘கர்துங் லா கணவாய்’ என்பது ‘நடு சென்டர்’ மாதிரி.)

படி 2: கழியுங்கள்

1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். காற்று வறண்டிருந்தால் இன்னும் கூடுதலாகவே குறையும். லேயில் 20 என்றால் 1,850 மீட்டர் மேலே உள்ள கர்துங் லாவில் 8 டிகிரி, அதுவும் பகலில். இதோடு காற்றும் அடித்தால் உடம்புக்கு அது நான்கைந்து டிகிரி போலத்தான் இருக்கும்.

இரவுக்கு இந்தக் கழித்தல் அப்படியே பொருந்தாது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிவிடும். அதனால் சில இரவுகளில் மேட்டில் உள்ள வீட்டைவிட ஆற்றோரக் கூடாரம்தான் அதிகம் நடுங்க வைக்கும்.

படி 3: ஒரு நாளைப் பகல், இரவு என இரண்டாகப் பிரியுங்கள்

மேகமும் ஈரப்பதமும் இல்லாத இடத்தில் பகலில் சேர்ந்த சூடு இரவில் நிற்காது. செப்டம்பரில் லேயிலேயே பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வரை வித்தியாசம் வரும். மாதக் கடைசியில் பாங்காங் கரையில் விடியற்காலை உறைநிலையைத் தொடும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்குகளில் காற்று கிளம்பும். லே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்களும் கணவாயை மதியத்துக்குள் தாண்டிவிடுங்கள்.

படி 4: மழையா, பனியா?

இங்கேதான் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இமயமலைத் தொடர் மழையைத் தடுத்துவிடுவதால் லேயில் ஆண்டுக்கே ஏறத்தாழ 100 மி.மீ.தான். புரட்டாசி பிறக்கும் சமயத்தில் தென்மேற்குப் பருவமழையும் ராஜஸ்தானிலிருந்து பின்வாங்கத் தொடங்கும். வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும்.

அதே சமயம் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் (மழையும் பனியும் கொண்டுவரும் காற்றழுத்தத் தாழ்வுகள்) மெல்லத் தலைகாட்டும். பின்வாங்கும் பருவமழையின் ஈரமும் இதுவும் ஒன்று சேர்ந்துவிட்டால் சிக்கல். 2018 செப்டம்பரின் நான்காம் வாரத்தில், மணாலி–லே சாலை போகும் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌலில் பருவம் தப்பிய பனி கொட்டி, மலையேறப் போனவர்களும் பயணிகளும் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். அப்போது அங்கே போகும் வழியில் உள்ள ரோதாங் கணவாய்க்குக் கீழே சுரங்கப்பாதை இன்னும் திறக்கவில்லை.

ஆகவே இந்திய வானிலை ஆய்வு மையத்தின் லே அலுவலகம் தரும் அறிக்கையில் ‘மேற்கத்திய இடையூறு’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால், லேக்கு 2 மி.மீ. மழை என்று போட்டிருந்தாலும் அலட்சியம் வேண்டாம். அதே 2 மி.மீ. கணவாயில் சுமார் 2 செ.மீ. பனி. சாலை வழுக்க அது போதும்.

இன்னொன்று: மண்ணைப் பிடித்து நிறுத்த மரமும் புல்லும் இல்லாத மலைகள் இவை. 2010 ஆகஸ்ட் மேகவெடிப்பில் லேயை அழித்தது மழைநீர் மட்டுமல்ல, அது இழுத்து வந்த சேறும்தான். ஓடைப் படுகையில் கூடாரம் போடாதீர்கள்.

படி 5: வரைபடத்தில் உயரத்தை மாற்றுங்கள்

விண்டி (Windy) போன்ற வானிலை வரைபடத் தளங்களில் ஓரமாக ஒரு உயரப் பட்டை இருக்கும். அதில் உயரத்தைக் காற்றழுத்த அளவான ஹெக்டோபாஸ்கலிலும் (hPa) குறிப்பார்கள்; எண் குறையக் குறைய உயரம் கூடும். அதை 700 ஹெக்டோபாஸ்கலில் வைத்தால் ஏறக்குறைய நுப்ராவின் உயரம். 600-ல் பாங்காங். 500-ல் பெரிய கணவாய்களுக்குச் சற்று மேலே. ஒவ்வொன்றிலும் வெப்பநிலை, காற்று இரண்டையும் பாருங்கள். சும்மா ‘தரைமட்டம்’ என்று விட்டால், முன்னறிவிப்பைக் கணக்கிடும் கணினி மாதிரி (model) பல கிலோமீட்டர் கட்டங்களாக மலையைச் சமன்செய்து வைத்திருக்கும். சிகரமும் பள்ளத்தாக்கும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும்.

படி 6: எப்போது பார்ப்பது?

பத்து நாள் முன்பு பார்ப்பது ஆசைக்கு. ஐந்து நாள் முன்பு நோட்டில் குறியுங்கள், பிறகு தினமும் ஒருமுறை திருத்துங்கள். எண் நாளுக்கு நாள் தாவிக்கொண்டே இருந்தால் மாதிரிகளுக்கே பிடிபடவில்லை என்று அர்த்தம். அப்படியானால் கணவாய் தாண்டும் நாளை ஒரு நாள் தள்ளி வையுங்கள். கிளம்பும் காலையில் செயலியை மூடிவிட்டு, எதிர்த்திசையிலிருந்து வந்த லாரி ஓட்டுநரிடம் மேலே ரோடு எப்படி என்று கேளுங்கள். அப்புறம் கையுறை, இரண்டு ஜோடி.