பழைய போனை நேரில் போய் வாங்கும்போது

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் பார்த்த போனை நேரில் போய் வாங்கினால் அந்தத் தளத்தின் வாங்குபவர் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வியாபாரமாக விற்பவரைத்தான் கட்டுப்படுத்தும். வீட்டில் கிடந்ததை விற்கும் தனியாளை அல்ல. ஆகவே சோதனை எல்லாம் பணம் கைமாறுவதற்கு முன்னால்தான்.

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் என்றால் பகலில், மாலுக்குள், கேமரா உள்ள இடத்தில் சந்தியுங்கள். 'பிடித்து வைக்க' என்று முன்பணம் கேட்டால் அனுப்பவே கூடாது. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். ஐபோன் என்றால் விற்பவரே உங்கள் கண்முன் ஐகிளவுடிலிருந்து (அவருடைய ஆப்பிள் கணக்கிலிருந்து) வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, தொடக்கத் திரை வரை காட்டட்டும். பழைய ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டு நின்றால் விலை எவ்வளவு மலிவானாலும் கிளம்பிவிடுங்கள்.

பேஷாப்பில் (வங்கிகளின் உடனடிப் பணப் பரிமாற்ற முறை) போட்ட பணம் உடனே போய்ச் சேரும்; திரும்ப வாங்குவது பெரும்பாடு. அதைக் கடைசியில் செய்யுங்கள்.

ரசீதில் ஐஎம்இஐ, தேதி, தொகை, இருவர் கையெழுத்து; கூடவே விற்பவரின் அடையாள அட்டைப் படம். இது வெறும் சம்பிரதாயம் இல்லை: விற்பவருக்கு உரிமை உண்டு என்று நம்ப நியாயமான காரணமில்லாமல் திருட்டுப் பொருளை வாங்குவது 1955ஆம் ஆண்டின் 62ஆம் எண் சட்டம், 37ஆம் பிரிவின்படி குற்றம்.