கோல்ப் பழக ஆள் தேடுகிறீர்களா? திருகோணமலையில் நாம் விடுகிற பிழைகள்

சீனக்குடாவில் கோல்ப் திடல் இருக்கிறதே, அங்கே பழகலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. முதல் கேள்வி அநேகமாக, "ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு காசு?" அடுத்தது, "மட்டை எங்கே வாங்கலாம்?" பழக்குகிறவர் யார், எப்படிப் பழக்குவார் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. நாற்பத்தொரு வயதில் தொடங்கிய எனக்கு முதல் மூன்று மாதம் வீணாய்ப் போனது அதனால்தான்.

நன்றாக விளையாடுகிறவர் நன்றாகப் பழக்குவார் என்று நம்பியதுதான் பெரிய பிழை. எனக்கு முதலில் பழக்கியவர் அருமையான ஆட்டக்காரர். அவர் அடித்தால் பந்து நூல் பிடித்த மாதிரி நேரே போகும். ஆனால் எனக்குப் பாடம் தொடங்கிய கையோடு, தலையை ஆட்டாதே என்றார், முழங்காலை மடி என்றார், இடது கையை நீட்டு, இடுப்பைத் திருப்பு, மெல்ல எடு என்றார். அந்த ஒரு மணித்தியாலத்தில் எட்டுத் திருத்தம் எண்ணினேன். மட்டையைப் பின்னால் எடுத்துப் பந்தில் படுகிற வரைக்கும் இரண்டு வினாடிகூட ஆகாது. அதற்குள் எட்டு விஷயத்தை யாரால் நினைக்க முடியும்? கடைசியில் பந்தில் படுவதே நின்று, புல்லை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதாகக் கிடைத்தவர் வயதானவர், சிங்களம் கலந்த தமிழில் கதைப்பார். பத்துப் பந்து அடிக்கச் சொல்லிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் நின்றார். பந்து எங்கே போகிறது என்று ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்தார். அப்புறம் கேட்டார்: "தம்பி, சொப்ட்போல் கிரிக்கெட் விளையாடின ஆள்தானே?" ஆமாம் என்றேன். உள்ளே போய்த் தண்ணீர் நிறைந்த வாளி ஒன்றைக் கொண்டுவந்து, இடது கையால் தூக்கச் சொன்னார். தூக்கினேன். "கைபிடி எங்கே இருக்குது பாருங்க. உள்ளங்கையிலயா, விரலிலயா?" விரல்களின் அடியில்தான் இருந்தது. மட்டையும் அங்கேதான் இருக்க வேண்டுமாம். நான் அதுவரை உள்ளங்கையில் இறுக்கி, கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தேன். அன்றைக்கு முழுவதும் அந்த ஒரே விஷயம்தான். காசு கொடுத்து நான் பெற்ற பாடங்களில் அதுதான் முதலாவது என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆகவே காசு கட்டுவதற்கு முன், அவர் வேறு யாருக்காவது பழக்குவதை அரை மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். தான் அடித்துக் காட்டுவதிலேயே நேரம் போகிறதா, பழகுகிறவர் அடிப்பதைப் பார்க்கிறாரா? முன்பு என்ன விளையாடினீர்கள், முதுகு தோள் நோவு உண்டா என்று கேட்கிறாரா? சொன்னது விளங்காவிட்டால் அதையே சத்தமாகத் திரும்பச் சொல்கிறாரா, வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறாரா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கிற பதில் எனக்குச் சான்றிதழைவிடப் பெரிது. சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருந்தால் நல்லது, கேட்பதில் வெட்கமும் வேண்டாம்.

மொழியையும் யோசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பழக்கினால்தான் தரம் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. "கையைத் தளர்த்து" என்பதற்கும் "கையை விடு" என்பதற்கும் உள்ள வித்தியாசம் உடனே உடம்புக்குப் புரிய வேண்டும். மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் பந்து போய்விடும். உங்களுக்கு ஓடுகிற மொழியில் சொல்லச் சொல்லுங்கள். தயங்காமல் திரும்பக் கேட்கக்கூடிய ஆளாக இருந்தால் போதும்.

பத்துப் பாடத்துக்கு ஒன்றாகக் காசு கட்டினால் கழிவு என்பார்கள். முதலில் ஒரே ஒரு பாடம் எடுங்கள். பிடித்தால் மூன்று. இரண்டு பாடத்துக்கு நடுவில் ஒரு கிழமையாவது இருக்கட்டும், அந்தக் கிழமையில் இரண்டு மூன்று நாள் தனியாகப் பழகுங்கள். பழகாமல் அடுத்த பாடத்துக்குப் போனால் பழைய பாடத்துக்கே மறுபடி காசு கொடுக்கிறீர்கள்.

கொழும்புக்குப் போய்ப் பழகினால்தான் சரிவரும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். கொழும்பின் றோயல் கழகம் 1879 இல் தொடங்கியது, நுவரெலியாவில் 1889 இல். பெருமை உள்ள இடங்கள்தான். ஆனால் இங்கிருந்து கொழும்புக்குச் சுமார் 260 கிலோமீற்றர். மாதம் ஒரு தடவை அங்கே போய்ப் பெரிய ஆளிடம் பழகுவதைவிட, கிழமைக்கு ஒரு தடவை பக்கத்தில் பொறுமையான ஆளிடம் பழகுவது தொடக்கக்காரருக்கு எவ்வளவோ மேல்.

மட்டை வாங்குவதைப் பற்றி. லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருகிற சொந்தக்காரர் பழைய பை ஒன்றைக் கொண்டுவந்து தருவது நம் ஊரில் நடக்கும். அன்பாகத் தருகிறார்கள், வாங்கி வையுங்கள். ஆனால் ஆறடி ஆளுக்குப் பொருந்திய மட்டையை ஐந்தடி நாலு அங்குல ஆள் பிடித்தால் நிற்கிற விதமே கோணலாகிவிடும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் மட்டையை வெட்டிக் கொடுப்பதும் கூடாது. நீளம் குறைந்தாலும் மட்டைத் தலையின் பாரம் குறையாது. விதிப்படி 14 மட்டைவரை கொண்டு போகலாம். தொடக்கத்தில் நடுத்தரத் தூரத்துக்கு ஏழாம் நம்பர் அயர்ன் என்கிற இரும்பு மட்டை, கிட்டத் தூரத்தில் பந்தை உயர்த்தி அடிக்க ஒரு வெட்ஜ், குழிக்குள் உருட்ட ஒரு பட்டர், இந்த மூன்றும் போதும். மிகத் தூரம் அடிக்கிற மட்டையான டிரைவரில் ஆசை எல்லோருக்கும் வரும். பந்தில் படுகிற அதன் முகத்தின் சாய்வு 10 பாகை அளவுதான், ஏழாம் நம்பருக்கு 30 பாகை அளவு. சாய்வு குறையக் குறையப் பந்து பக்கவாட்டில் வளைவது கூடும். அதனால் டிரைவரோடு பாடம் தொடங்குகிறவரிடம், "இது பிறகு" என்று நீங்களே சொல்லலாம். இன்னொன்று: வலதுகைக்காரர் சிலர் கிரிக்கெட்டில் இடது பக்கம் நின்று அடிப்பார்கள். கோல்ப்புக்கு எந்தப் பக்கம் என்று பழக்குபவர் பார்த்துச் சொல்லும்வரை எதையும் வாங்காதீர்கள்.

பட்டிங், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டுவதை, பழகாமல் விடுவதுதான் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது. 18 குழிக்கும் பார், அதாவது நல்ல ஆட்டக்காரருக்கு வைத்த அடிக் கணக்கு, 72 என்றால், ஒவ்வொரு குழிக்கும் இரண்டு பட் என்று வைத்துத்தான் அந்தக் கணக்கு. 36 ஆகிறது, சரி பாதி. ஆனால் பத்துப் பாடமும் தூர அடிப்பதிலேயே போய்விடும். மூன்று பாடத்தில் ஒன்றாவது குழி இருக்கிற குட்டைப் புல் தரையான கிரீனிலும் அதைச் சுற்றியும் நடக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டுச் சீமெந்துத் தரையில் பாய் விரித்து, மறு நுனியில் பிளாஸ்டிக் கோப்பையை வைத்துத் தினமும் இருபது பந்து உருட்டலாம். குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். அதைவிடச் சின்னக் கோப்பையில் பழகினால் கிரீனில் குழி பெரிதாகத் தெரியும். மட்டையை வீசி அடிக்கிற ஸ்விங்கை மட்டும் வளவுக்குள்ளோ கடற்கரையிலோ பழகாதீர்கள். 46 கிராமுக்குக் கிட்ட எடை உள்ள கட்டியான பந்து அது, ஆள்மேல் பட்டால் விபரீதம்.

நேரம் பிந்தி வைப்பதும் பிழைதான். தென்மேற்கிலிருந்து சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு பழகுவது உடம்புக்கும் கூடாது, பழகுவதற்கும் கூடாது. காற்றில் வளைந்த பந்தைப் பார்த்துத் தன் கையில் பிழை என்று புதியவர் நினைத்து, சரியாய் இருந்ததை மாற்றிவிடுவார். காலை ஆறரைக்கு வரக்கூடிய ஆளாகப் பாருங்கள். அந்த நேரத்தில் நாற்பத்தைந்து நிமிடம் தாராளம்.

சீனக்குடாத் திடல் விமானப்படையின் பொறுப்பில் இருக்கிறது. நினைத்தவுடன் போய் நிற்காமல், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, அடையாள அட்டையோடு போங்கள். கொலர் வைத்த சட்டை, சப்பாத்து. ஜீன்ஸ் வேண்டாம்.

பிள்ளையைச் சேர்க்கிறவர்கள், பாடம் முடியும்வரை தாங்கள் பக்கத்தில் இருக்கலாமா என்று கேளுங்கள். கூடாது என்று சொல்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம். இருக்கும்போது நீங்கள் திருத்தம் சொல்லவும் வேண்டாம். பாடம் முடிந்ததும் பிள்ளையிடம், "இன்றைக்கு என்ன பழகினாய்?" என்று கேளுங்கள். ஒரு விஷயத்தைச் சொல்லிக் கையால் செய்தும் காட்டினால், அந்த ஆளிடமே அடுத்த கிழமையும் கூட்டிக்கொண்டு போங்கள்.