தரங்கம்பாடிக்குச் செல்வோர் கோட்டையோடு திரும்பிவிட வேண்டாம்

விடுமுறைக்கு ஊர் வரும் நம்மவர் பலர், திருக்கடையூரில் அபிராமியை வணங்கிய கையோடு அருகிலுள்ள தரங்கம்பாடிக்குப் போய், 1620இல் டேனியர் (டென்மார்க் நாட்டவர்) கட்டத் தொடங்கிய கோட்டையின் முன் படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் புறப்பட்டுவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலிகொண்ட ஆழிப்பேரலை இந்த ஊரையும் புரட்டிப் போட்டது. அதன் பிறகு பழைய கட்டடங்களும் மீனவர் குடியிருப்புகளும் எப்படி மீண்டன என்பதை அறிய ஒரு முழு நாள் வேண்டும்.

மயிலாடுதுறை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்திலோ வாடகைக் காரிலோ செல்லலாம். தங்குவதற்கு மயிலாடுதுறையும் காரைக்காலும் வசதியானவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரை வருவது நல்லது.

நகர வாயில் வழியாக நுழைந்து நடந்தே செல்லுங்கள். 1706இல் இங்கு வந்திறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய ஜெர்மானியச் சமயப் போதகர் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கும் புதிய எருசலேம் தேவாலயம் 1718இல் எழுந்தது. கோல்ட்ஸ்மித் தெருவில் திண்ணையும் முற்றமும் ஓட்டுக்கூரையும் கொண்ட வீடுகள் சிலவற்றை, சுனாமிக்குப் பிறகு, பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு பழைய முறையிலேயே சீரமைத்தது. இத்தகைய பழைய சுவர்களில் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிச் செங்கல்லை அரித்துவிடும்; சுண்ணாம்புக் காரையோ சுவரை மூச்சுவிட வைக்கும். ஊரில் பாட்டன் வீட்டைப் பழுதுபார்க்க நினைப்பவர்கள் இந்தத் தெருவை அவசியம் பார்க்க வேண்டும் என்பேன். கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தது. அதன் முன்பகுதியைச் சுனாமி கொண்டுபோனதாகச் சிலர் சொல்வார்கள். உண்மையில் அதற்கும் பல ஆண்டுகள் முன்பே கடலரிப்பு அதைத் தின்றுவிட்டது.

மீனவர் குடியிருப்புகளின் கதை இதைவிடச் சிக்கலானது. கரையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் குடிபெயர்வோருக்கே புதிய வீடு என்று அரசு கொள்கை வகுத்தது. கடலின் நீரோட்டத்தையும் காற்றையும் வீட்டு வாசலிலிருந்தே கணிக்கவும், படகையும் வலையையும் கண்பார்வையில் வைத்திருக்கவும் பழகிய மக்களுக்கு அது எளிய முடிவாக இருக்கவில்லை. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இங்கு வீடு கட்டியபோது குடும்பங்களைக் கலந்து பேசி வரைபடம் தயாரித்தது. அதனால்தான் இந்த மறுகட்டுமானத்தை நான் உயர்வாக மதிக்கிறேன்.

அங்கே செல்ல விரும்பினால், முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கண்டு வந்த நோக்கத்தைச் சொல்லுங்கள். இழப்பைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகப் பேசினால் பொறுமையாகக் கேளுங்கள். குழந்தைகளின் கையில் பணம் கொடுக்க வேண்டாம். உதவ விரும்பினால் தேவை என்ன என்று பஞ்சாயத்தாரிடமோ பள்ளித் தலைமையாசிரியரிடமோ கேட்டறிந்து, உரிய ரசீதுடன் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். டிசம்பர் 26 அன்று இக்கரையோர மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை; கடலில் பாலூற்றி மலர் தூவுவார்கள். அந்த நாளில் அங்கிருக்க நேர்ந்தால் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று வணங்குங்கள்.