‘அரைப் பேர்’ என்றால் பாதி ஆள் அல்ல: மலையகப் பேச்சைப் பதிவுசெய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஓர் அம்மா சொல்லிப் பதிவான வாக்கியம் இது: ‘நேற்று எனக்கு அரைப் பேர்தான் போட்டார்கள்.’ மொழிபெயர்ப்புச் செயலியில் அதைக் கொடுத்தபோது, நேற்றுப் பாதிப் பேர்தான் வந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி வந்தது. உண்மையில் பறிக்க வேண்டிய கிலோ நிறையாததால் அந்த அம்மாவின் ஒரு நாள் சம்பளம் பாதியாகியிருந்தது. வேலை நாளைப் பதியும் செக்ரோலில் முழு நாள் விழுந்தால் ஒரு பேர். பாதி விழுந்தால் அரைப் பேர். அவருடைய முறைப்பாடு முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. காணாமல் போனதும் அதுதான்.

பேச்சை எழுத்தாக்கவும் மொழிபெயர்க்கவும் கணினியைப் பழக்கும் வேலைக்காக இப்போது எங்கும் குரல் சேகரிக்கிறார்கள். நம் பிள்ளைகளும் கைப்பேசியோடு லயங்களுக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போகிறார்கள். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. ஆனால் திரும்பத் திரும்ப நடக்கும் சில தவறுகள் அந்த உழைப்பைப் பாழாக்குகின்றன.

முதலாவது, கேட்கும் விதம். ‘இதற்கு உங்கள் பேச்சில் என்ன சொல்வீர்கள்?’ என்று பட்டியலோடு போய் உட்கார்ந்தால் புத்தகச் சொல்தான் கிடைக்கும். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையோ ஆசிரியரோ பக்கத்தில் நின்றால் அதுகூடத் திருத்தமாக வரும். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் இந்தச் சிக்கலை 1960களிலேயே நியூயார்க்கில் எதிர்கொண்டார். கவனிக்கப்படாதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அறிய வேண்டும். ஆனால் கவனித்துத்தானே அறிய முடியும்? அவர் கண்ட ஒரு வழி, உயிர் போய்விடும் என்று அஞ்சிய ஒரு தருணத்தைப் பற்றிக் கேட்பது. அந்த நினைவில் மூழ்கும்போது பேச்சைச் சரிசெய்யும் எண்ணம் மறந்துபோகும்.

அந்த வழியை அப்படியே இங்கே கொண்டுவருவது அடுத்த தவறு. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தப் பக்கத்து மனிதரிடம் நல்ல ஒலிப்பதிவுக்காக அந்தக் கேள்வியைக் கேட்பது கொடுமை. தோட்டத்தில் ஆடும் காமன் கூத்தைப் பற்றிக் கேளுங்கள். முதல் நாள் கொழுந்துக்குப் போனதைக் கேளுங்கள். பேச்சு தானே அவிழும்.

பதிவை எழுத்தாக்கும்போது நடக்கும் திருத்தல்தான் என்னை அதிகம் வருத்துகிறது. ‘பெரட்டு’ என்று ஒருவர் சொன்னால் ‘ஆட்கூட்டும் இடம்’ என்று எழுதிவிடுகிறார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களம் அது. ‘பெரட்டு’, ஆங்கிலத்துப் ‘பரேட்’ நம் நாவில் மாறிய வடிவம். வாசல் திண்ணையைச் சொல்லும் ‘இஸ்தோப்பு’ ஒல்லாந்தரிடமிருந்தும் அறையைச் சொல்லும் ‘காம்பரா’ போர்த்துக்கேயரிடமிருந்தும் வந்தவை. நம் லயத்து வாசலும் அறையும் யாருடைய ஆட்சிகளைக் கடந்து வந்தன என்பதற்கு அந்தச் சொற்கள் சாட்சி. அவற்றைக் கொச்சை என்று அழித்தால் அந்தச் சாட்சி போய்விடும். காதில் விழுந்ததை ஒரு வரியில் எழுதுங்கள். எழுத்துத் தமிழை வேண்டுமானால் அடுத்த வரியில் கொடுங்கள்.

‘மலையகத் தமிழ்’ என்று ஒரே பெயரிட்டு முடிப்பதும் சரியல்ல. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் என்று பல பக்கங்களிலிருந்து வந்தவர்களின் பேச்சு இங்கே கலந்தது. சிங்களக் கிராமங்களை ஒட்டிய இரத்தினபுரித் தோட்டங்களில் கேட்பதும் நுவரெலியாவில் கேட்பதும் ஒன்றல்ல. தோட்டம், வயது, ஆணா பெண்ணா, எந்தப் பாடசாலை என்பதைப் பதிவோடு சேர்த்து எழுதாவிட்டால் பிறகு எதையும் ஒப்பிட முடியாது.

தட்டச்சில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பாமினி எழுத்துருவில் அடித்துச் சேமித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் குறிகள். யூனிகோடில் சேமியுங்கள். யூனிகோடிலும் ‘கொழுந்து’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் ஒரே வடிவாகச் சீராக்காமல் தேடினால் பாதிக் கொழுந்து அகப்படாது.

கணினியின் திறமையை அளப்பதிலும் தவறு நேர்கிறது. செய்தி வாசிப்பில் சோதித்துவிட்டு ‘தமிழ் புரிகிறது’ என்று அறிவிப்பார்கள். தவறான சொற்களை மட்டும் எண்ணும் அளவுகோலும் நமக்குப் போதாது. ‘மலைக்குப்போனவர்களிடமிருந்து’ என்பதில் ஒரு விகுதி பிசகினால் முழுச் சொல்லும் தவறாகிவிடும். எத்தனை எழுத்துகள் பிசகின என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவதைச் சம்மதம் என்று எண்ணாதீர்கள். குரல் எங்கே போகும், யார் கேட்பார்கள், வேண்டாமென்றால் நீக்க முடியுமா என்பதை அவருடைய பேச்சிலேயே சொல்லுங்கள். பதிவின் பிரதியொன்றை அவரிடமே கொடுங்கள்; எழுதியதையும் வாசித்துக் காட்டுங்கள். நான் அப்படி ஒரு நாள் வாசித்தபோது, ‘பணியாளர் லயம்’ என்ற இடத்தில், குரல் தந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“நான் அப்படிச் சொல்லவில்லையே தம்பி. பணிய லயம் என்றேன்.” வாசலுக்கு வந்து கீழே, தண்ணீர்ப் பீலிக்கு அப்பால் தெரிந்த தகரக் கூரைகளைக் காட்டினார். “அதோ, பணிய இருக்கிறதே, அந்த லயம்.”